கூலன்ட் மாற்றும்போது கணக்கு தப்பும் இடம்

இன்ஜினின் சூட்டைச் சுமந்து வந்து ரேடியேட்டரில் ஆற்றும் திரவமான கூலன்டை மாற்றுவதில் கைக்குக் கஷ்டமான வேலை எதுவும் கிடையாது. ஒரு மூடி, ஒரு வடிகால் திருகு, இரண்டு ஹோஸ், ஒரு புனல். அப்படியிருந்தும் மாற்றிய சில நாட்களில் டாஷ்போர்டின் வெப்ப முள் மேலே ஏறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. உள்ளே போன கலவையின் அளவு தப்பியிருக்கும், அல்லது உள்ளே சிக்கிய காற்று வெளியே வந்திருக்காது. இரண்டும் வேலை முடிந்ததும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

முதலில் அளவு. வண்டியின் கையேட்டில் கூலிங் சிஸ்டத்தின் மொத்தக் கொள்ளளவு இருக்கும். 6 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் ரேடியேட்டரிலும் மேல் ஹோஸிலும் இருப்பது வரும். இன்ஜினின் உடலான பிளாக்குக்குள்ளும், வண்டிக்குள் சூட்டுக் காற்று தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரிலும் நிற்பது அங்கேயே நிற்கும். வாளியில் விழுவது ஏறக்குறைய பாதி, 3 லிட்டர். இந்த வாளியை அளக்காமல் கொட்டிவிட்டால் அதற்குப் பிறகு செய்வதெல்லாம் குத்துமதிப்புதான்.

இப்போது பழையதை அலசி எடுக்க டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி வடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் பழையதில் பாதிதான் வெளியேறும்: முதல் வடிப்பில் பாதி மிஞ்சும், அடுத்ததில் கால், அதற்கடுத்ததில் அரைக்கால். மூன்று நான்கு முறைக்குப் பிறகு வருவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அலசல் முடிந்து கடைசியாக வடித்த பிறகும் பிளாக்குக்குள் 3 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. இதை மறந்துவிட்டு பாதித் தண்ணீர் கலந்தே வரும் ரெடி மிக்ஸ் கேனைத் திறந்து 3 லிட்டர் ஊற்றினால், அதில் கூலன்டின் மூலப்பொருளான கிளைகால் இருப்பது ஒன்றரை லிட்டர்தான். மொத்த 6 லிட்டரில் அது 25 சதவீதம். கேனின் மேல் 50:50 என்று போட்டிருப்பது கேனுக்குள் இருக்கும்வரைதான் உண்மை. அலசிய வண்டிக்குத் தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் 3 லிட்டர் ஊற்ற வேண்டும். உள்ளே நிற்கும் 3 லிட்டர் தண்ணீரோடு சேர்ந்து அதுவே சரிபாதியாகிவிடும். அலசாமல், அதே வகைக் கூலன்டை வடித்துவிட்டு ஊற்றுவதாக இருந்தால் ரெடி மிக்ஸ் சரி.

உறைபனி விழாத ஊரில் 25 சதவீதம் போதாதா என்று கேட்பார்கள். உறைநிலையை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் கிளைகாலோடுதான் வருகின்றன. கிளைகால் பாதியானால் அவையும் பாதி. இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட், வாட்டர் பம்பின் உள்பக்கம், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் எல்லாம் அரைகுறைப் பாதுகாப்பில் ஓடும். அதற்காகக் கான்சென்ட்ரேட்டை மட்டும் நிரப்புவதும் தப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீரைவிட 50:50 கலவை 15 முதல் 20 சதவீதம் வரை பின்தங்கும், வெறும் கிளைகால் இன்னும் மோசம். உறைவதிலும் அப்படித்தான்: சரிபாதிக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும், தனி எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

கொதிநிலையை உயர்த்துவதில் கூலன்டைவிட மூடிக்குத்தான் பங்கு அதிகம். 50:50 கலவை திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் அருகே கொதிக்கும். 1 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடியை இறுக்கினால் அதே கலவை 129 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும் எண் இந்த அழுத்தம்தான். உள்ளே இரண்டு வால்வுகள்: சூடேறி விரியும் கூலன்டை ரிசர்வ் டேங்குக்குத் தள்ளிவிடுவது ஒன்று, ஆறும்போது திரும்ப இழுத்துக்கொள்வது இன்னொன்று. ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பையாக உறிஞ்சிக்கொண்டு நின்றால் இரண்டாவது வால்வு அடைத்திருக்கிறது. சூட்டிலும் குளிர்ச்சியிலும் ரிசர்வ் டேங்கின் மட்டம் அசையவே இல்லை என்றால் மூடியின் ரப்பர் போயிருக்கலாம். சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று கழற்றிப் பார்ப்பதற்கு முன் மூடியை மாற்றிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

சூடான வண்டியில் இந்த மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் காரணம் அதே அழுத்தம்தான். 110 டிகிரியில் கொதிக்காமல் அடங்கியிருப்பது, மூடி திறந்த நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும்: மெத்தென்று அமுங்க வேண்டும், தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலும். கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுவது நல்லது.

வடிகால் திருகு பல வண்டிகளில் பிளாஸ்டிக். பழசானால் நொறுங்கும். பிளையர் போட்டு முறுக்கினால் தலை தனியாக வந்துவிடும், பிறகு ரேடியேட்டரைக் கழற்ற வேண்டிய வேலை. கையால் திருப்பி வராவிட்டால் அதை விட்டுவிட்டுக் கீழ் ஹோஸைக் கழற்றுவதே மேல். ஸ்பிரிங் கிளாம்பை அமுக்கிப் பின்னால் தள்ளியதும் ஹோஸை இழுக்காதீர்கள். இடமும் வலமுமாகத் திருகுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் ஒரு சத்தத்தோடு விட்டுவிடும். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்தில் மயிரிழை விரிசல் விழும். அது அன்றைக்குத் தெரியாது, சூடேறி அழுத்தம் வந்த பிறகுதான் கசியும்.

வடிந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் மங்காமல் தெளிவாக இருந்தால் அலசலே தேவையில்லை. செங்கல் நிறம் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ விட்டிருக்கிறது. புதுக் கூலன்ட் ஊற்றி அதை மறைக்க முடியாது. கழற்றிய இடங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிந்து காய்ந்திருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதைச் சுற்றிக் கறை இருந்தால் பம்பின் சீல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நிறத்தை வைத்து வகை பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பவர் விருப்பப்படி சேர்க்கும் சாயம். சிலிகேட் கலந்த பழைய வகை, உலோகம் முழுவதும் ஒரு படலம் போட்டுக் காக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். 2 ஆண்டுதான் கணக்கு. கரிம அமிலங்களைக் கொண்ட ஓ.ஏ.டி. வகை, துரு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 ஆண்டு வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் நீண்ட ஆயுள் என்ற பேச்சு போய்விடும். பொருந்தாத ஜோடியாக இருந்தால் கூழாகிக் குழாயை அடைக்கும். கையேட்டில் உள்ள தர எண்ணும் கேனில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தால் போதும். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் ஓடும் கூலன்ட் தனி. அதில் சாதாரணக் கூலன்டை ஊற்றக் கூடாது.

தண்ணீர் டிஸ்டில்டு வாட்டராகவே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியம், தேநீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல ரேடியேட்டரின் குழாய்களிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் சரி, ஆசிட் கலந்ததாக மட்டும் இருக்கக் கூடாது.

இனி காற்று. எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புனல் வழியாக மெதுவாக ஊற்ற வேண்டும். சடசடவென்று ஊற்றினால் காற்று மேலே வர வழியில்லாமல் பிளாக்குக்குள் அடைபடும். காற்றை விடும் திருகு உள்ள வண்டிகளில் அதைத் திறந்து வைத்து, குமிழி இல்லாத ஒரே ஒழுக்காக வந்ததும் மூட வேண்டும். பிறகு மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஐடிலில் ஓட்டுங்கள். முதலில் மட்டம் அசையாது. 82 முதல் 88 டிகிரிக்குள் தெர்மோஸ்டாட் திறக்கும். அந்த நேரத்தில் கீழ் ஹோஸ் சில்லிப்பிலிருந்து சூடாவது கைக்கே தெரியும். உடனே புனலில் 'குபுக்' என்று ஒரு பெரிய குமிழி வந்து மட்டம் இறங்கும். நிரப்புங்கள். மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் இரண்டு மூன்று முறை பிழியுங்கள், இன்னும் குமிழி வரும். மின்விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பொறுமை வேண்டும்.

ஹீட்டர் காற்றுதான் சாட்சி. ஐடிலில் ஜில்லென்றும் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சூடாகவும் வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. டாஷ்போர்டு முள்ளை அதிகம் நம்ப வேண்டாம். பல வண்டிகளில் பரந்த வெப்ப வரம்புக்கு அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்; கூலன்டே இல்லாமல் சென்சார் காற்றில் நின்றால் குறைவாகக்கூடக் காட்டும். அடுத்த இரண்டு மூன்று காலையும் ஆறிய வண்டியில் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். கால் லிட்டர் இறங்கினால் காற்று போன இடம் நிரம்பியது, கவலை இல்லை. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவு. மூடியின் இடத்தில் மாட்டும் பிரஷர் டெஸ்டரை மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை பம்ப் செய்து 15 நிமிடம் விட்டால், வெளிக் கசிவு எங்கே என்று காட்டிவிடும். முன் இருக்கையின் கால்மிதி நனைந்து இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டர் கோர்.

வடித்த கூலன்டை வாளியோடு அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போகாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போதும் சிறுநீரகம் போய்விடும். தரையில் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வாளியில் உள்ளதை மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு ஆயில் வாங்கும் இடத்தில் கூலன்டையும் எடுப்பார்களா என்று கேட்டுத் தனியாகக் கொடுங்கள். ஆயிலோடு கலந்தால் இரண்டையும் வாங்க மாட்டார்கள்.