பிள்ளை செய்தது பிள்ளையின் கைக்கு வரவேண்டும்

பிள்ளைகளுக்குக் கோடிங் சொல்லிக்கொடுக்க ஒரு கருவியைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை செய்து முடித்ததை ஒரு கோப்பாக இறக்கி அதன் கையில் கொடுக்க முடியுமா? படம் அழகா, பாடம் எத்தனை என்பதெல்லாம் அப்புறம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வகுப்பு எடுக்கிறேன். மழை இறுகினால் இங்கே சிக்னல் போய்விடும், காற்று அடித்தால் கரண்டும் போய்விடும். பல வீடுகளில் இருப்பது அப்பாவின் போன் மட்டும். அதிலும் ரீலோட் போட்டிருந்தால்தான் இன்டர்நெட்.

அதனால் என் முதல் தேர்வு ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. 8 முதல் 16 வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. கட்டளைகளை எழுத வேண்டியதில்லை, வண்ணக் கட்டைகளாக இழுத்துப் பொருத்தினால் போதும். விண்டோஸ் 10க்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் தனிச் செயலி இருக்கிறது. ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இன்டர்நெட் லைன் இல்லாமலே வேலை செய்யும். பழைய லேப்டாப் கிடைத்தால் முந்தைய பதிப்புகளும் அவர்கள் தளத்திலேயே இருக்கின்றன.

தரம் 7 மாணவி ஒருத்தி அதில் செய்த விளையாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். மேலிருந்து கொழுந்து விழுகிறது. கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். புள்ளிக் கணக்கைச் சேர்த்து வைக்க அவள் வைத்த மாறியின் பெயர் ‘கிலோ’. நேரம் முடியும்போது 18ஐ எட்டியிருந்தால் திரையில் ‘முழுப்பேர்’ (முழுநாள் சம்பளம்) என்று வரும், இல்லாவிட்டால் ‘அரைப்பேர்’ (அரைநாள் சம்பளம்). ‘இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது’ என்ற நிபந்தனைக் கட்டையை விளக்க நான் தேடி வைத்திருந்த உதாரணம் எதுவும் தேவைப்படவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர். அடுத்த வாரம் வந்து, “டீச்சர், தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கணும்ல” என்று கேட்டு (கொழுந்தின் ஈரத்துக்கென்று நிறுவையில் கழிப்பதைத்தான் சொல்கிறாள்), நிறுவை முடிவில் 2ஐக் கழிக்கும் கட்டையையும் சேர்த்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அதன் பிறகு எத்தனை கொழுந்து கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். புதிதாகப் படித்ததைத் தன் வீட்டு நியாயத்தைக் கேட்கப் பயன்படுத்துகிற பிள்ளையைப் பார்ப்பதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அவளுடைய அப்பாவுக்குக் கொழும்பில் வேலை. அவரும் அதை விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஸ்கிராட்ச் கோப்பை அனுப்பினால் திறக்க அவரிடமும் ஸ்கிராட்ச் இருக்க வேண்டும். இங்கேதான் டர்போவார்ப் பேக்கேஜர் என்ற கருவி கைகொடுத்தது. ஸ்கிராட்ச் கோப்பை அதில் கொடுத்தால் விளையாட்டு முழுவதையும் எந்தப் பிரவுசரிலும் திறக்கும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக மாற்றித் தருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், போன் பிரவுசரில் திறந்து விளையாடியிருக்கிறார்.

மற்றக் கருவிகளைக் குறைசொல்ல மனமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர்தான் சரி. 5 முதல் 7 வயதுக்கானது, கட்டைகளில் எழுத்தே இல்லை, படம்தான், டேப்லெட்டில் லைன் இல்லாமல் ஓடும். கோட் டாட் ஓஆர்ஜியின் பாடங்கள் படிப்படியாக மிக நன்றாகக் கட்டப்பட்டவை, ஆனால் பெரும்பாலானவற்றுக்கு லைன் வேண்டும். அவர்களிடம் கணினியே இல்லாமல் செய்யும் பயிற்சிகளும் உண்டு, கரண்ட் போன பின்னேரங்களில் அவற்றைத்தான் எடுக்கிறேன். மேக்கோட் என்ற தளத்தில், மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகையை வாங்காமலே அதற்கான நிரலைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். அதில் இறக்கும் ஹெக்ஸ் கோப்புக்குள் பிள்ளையின் நிரலும் சேர்ந்தே இருப்பதால் பிறகு அதையே திறந்து தொடரலாம்.

கோப்பு, கோப்பு என்று நான் அடித்துக்கொள்வதற்கு 2025 ஜூலை 8 ஒரு காரணம். அன்றுதான் கிளிட்ச் தளம் செயலிகளையும் பக்கங்களையும் தாங்கி வைக்கும் சேவையை நிறுத்தியது; புதிதாக வலைப்பக்கம் செய்யப் பழகியவர்களின் எவ்வளவோ முதல் முயற்சிகள் அங்கே இருந்தன. அதே நாளில்தான் மொசில்லா பாக்கெட்டையும் மூடியது. கட்டுரைகளை ‘பிறகு வாசிக்க’ என்று 2007இலிருந்து மக்கள் சேமித்து வந்த இடம் அது. இரண்டுமே முன்கூட்டி அறிவித்து, எடுத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தன, உண்மை. ஆனால் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த அறிவித்தல் யார் வழியாக வந்து சேரும்?

வலைப்பக்கங்களைச் சேமிப்பதிலும் அதனால் அதே அளவுகோல்தான். பிரவுசரில் ‘சேவ் அஸ்’ கொடுத்தால் ஒரு கோப்பும் கூடவே ஒரு ஃபோல்டரும் வரும். பென் டிரைவில் போடும்போது பிள்ளைகள் கோப்பை மட்டும் எடுப்பார்கள், வீட்டில் திறந்தால் படம் இருக்காது. பிடிஎப் அச்சிட நல்லது. ஆனால் அதிலிருந்து தமிழைப் பிரதி எடுத்து ஒட்டினால் எழுத்துக்கள் பல நேரம் குலைந்து வரும். பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிங்கிள்ஃபைல் என்ற நீட்சி இந்த இரண்டு தொல்லையையும் தீர்க்கிறது. படங்கள் உட்பட முழுப் பக்கத்தையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கும், எந்த முகவரியிலிருந்து எப்போது எடுத்தது என்பதையும் உள்ளே குறித்து வைக்கும். ஆண்ட்ராய்டு போனிலும் ஃபயர்பாக்ஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

வேபேக் மெஷின் வேறு வேலைக்கு. இன்டர்நெட் ஆர்கைவ் 2001இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் பிரதி எடுத்து எல்லோருக்குமாக வைத்துக்கொள்ளும். மலையகத்தைப் பற்றிய நல்ல கட்டுரையைப் பார்த்தால் உடனே அங்கே சேர்த்துவிடுகிறேன், யாரோ ஒருவரின் பழைய தளம் எப்போது அணையும் என்று தெரியாது. ஆனால் பார்ப்பதற்கு லைன் வேண்டும், கடவுச்சொல் கேட்கும் பக்கத்தை எடுக்காது, ஸ்கிராட்ச் போல உள்ளே இயங்கும் பக்கங்களும் சரியாக வராது. 2005இலிருந்து நம் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி வரும் நூலகம் தளத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். பிடிஎப்பாக இறக்கலாம், டேட்டா இருக்கும்போது இறக்கி வைத்தால் போதும்.

விக்கிப்பீடியாவுக்குக் கிவிக்ஸ் என்ற செயலி. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி லேப்டாப்பிலோ போனிலோ தேடி வாசிக்கலாம். இடம் போதாவிட்டால் படம் இல்லாத பதிப்பை எடுக்கலாம். சிக்னல் இல்லாத நாளில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஏதாவது தேடி இரண்டு பிள்ளைகள் முட்டி மோதிக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெரிய பிள்ளைகளுக்கு இப்போது பைதான் என்ற நிரல் மொழியைத் தொடங்கியிருக்கிறேன், உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் அதுதான் வருகிறது. அதை எழுதி ஓட்டத் தோன்னி என்ற செயலி, அதுவும் லைன் கேட்காது. மேலே சொன்னவற்றில் ஸ்கிராட்ச் செயலி, டர்போவார்ப், கிவிக்ஸ், தமிழ் விக்கிப்பீடியாக் கோப்பு, தோன்னி எல்லாம் எங்கள் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. எல்லாம் இலவசம், பிரதி எடுத்துக் கொடுக்கவும் தடையில்லை. பக்கத்துத் தோட்டங்களில் வகுப்புத் தொடங்க நினைப்பவர்கள் பென் டிரைவோடு சனிக்கிழமை வாருங்கள். டேட்டா செலவழித்து இறக்க வேண்டியதில்லை.