கோட்டுக்குப் பின்னாடி

சிவப்பு மாற இன்னும் நாப்பது செகண்ட் இருக்கு, பின்னாடி ஆம்புலன்ஸ் சத்தம்.

முன்னாடி நின்ன பையன் சிக்னலைப் பாக்குறான், கண்ணாடியில ஆம்புலன்ஸைப் பாக்குறான். பக்கத்துல ஆட்டோ அண்ணன் "அட போ தம்பி, உள்ள ஒரு உசுரு இருக்கு"ன்னு கத்துனதும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரமா ஒதுங்கினான்.

ஆம்புலன்ஸ் போயிருச்சு. அப்புறம் அவன் செஞ்சதுதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ரெண்டு காலாலயும் உந்தி உந்தி வண்டியைப் பின்னாடி எடுத்து, திரும்பவும் கோட்டுக்குப் பின்னாடி வந்து நின்னான்.

கோட்டுக்குப் பின்னாடி நிக்கிறது, ரோட்ல இடதுபக்கம் போறதெல்லாம் நாம பேசி வச்சுக்கிட்டது. ஸ்வீடன்ல 1967 செப்டம்பர் 3 விடியக்காலை 5 மணிக்கு நாடே இடதுல இருந்து வலதுக்கு மாறுச்சு, நேத்து வரைக்கும் சரியா இருந்தது அன்னைக்குத் தப்பு.

ஆம்புலன்ஸை மறிச்சு நிக்கிறது அப்படி இல்லல்ல? 2019ல அதுக்கு 10,000 ரூபா ஃபைன்னு சட்டம் வந்துச்சு, நாளைக்கே அதை எடுத்துட்டாலும் அது தப்புதான்.

அதுக்காக மனசாட்சி மட்டும் போதும்னு சொல்ல மாட்டேன். அடிபட்டவங்களைத் தூக்க மனசு இருந்தும் போலீஸ் கோர்ட்டுன்னு அலையணுமேன்னு பயந்து ஒதுங்குனவங்க எத்தனை பேர். அதே 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல வந்த 134ஏ பிரிவுப்படி, நல்ல மனசோட உதவப்போய் ஏதாவது ஆயிட்டாலும் உதவுனவங்க மேல கேஸ் போட முடியாது. பேர், விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

நிறைய பேருக்கு இது தெரியவே இல்ல, வீட்ல சொல்லி வைங்க ப்ளீஸ்.