சாலை விபத்து மரணம்: இழப்பீட்டுத் தொகை எங்கே கூடுகிறது, எங்கே கரைகிறது

வீட்டில் ஒருவரை சாலை விபத்தில் பறிகொடுத்தவர்களில் பலர், இழப்பீடு என்பது நீதிபதி தீர்ப்பு சொல்லும் நாளில் முடிவாகிற விஷயம் என்று நினைக்கிறார்கள். பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு மாதங்களிலேயே முடிவாகிவிடும். ஸ்டேஷனில் என்ன எழுதினார்கள், ஆஸ்பத்திரி பதிவேட்டில் என்ன இருக்கிறது, வயதுக்கும் வருமானத்துக்கும் என்ன தாள் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எல்லாம். அதன் பிறகு, விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் செய்வது ஏறக்குறைய பெருக்கல் கணக்கு.

அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்தத் தாளுக்காக அலைவது, எதை விட்டுவிடலாம் என்பது தானாகப் புரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் போடும் மனுக்களுக்கு, உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துக் கொடுத்த முறைதான் இன்றும் நடப்பில் இருக்கிறது. இறந்தவருக்கு வயது 38, சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்தினார், மாதம் 24,000 ரூபாய் வருமானம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தாயும் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர வேலை இல்லாத, 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40% சேர்ப்பார்கள், 33,600 ஆகும். நிரந்தர வேலை என்றால் அது 50%. நம்பியிருந்தவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், மீதி 25,200. வருஷத்துக்கு 3,02,400. 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. ஆக 45,36,000 ரூபாய். இதோடு கணவனை, அப்பாவை, மகனை இழந்ததற்கு ஆளுக்கு 48,400 வீதம் நான்கு பேருக்கு 1,93,600, ஈமச் சடங்குக்கு 18,150, சொத்திழப்புக்கு 18,150. மொத்தம் 47,65,900. இந்தச் சில்லறைத் தலைப்புகள் 2017-ல் 40,000, 15,000, 15,000 என்று இருந்தவை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 10% கூடும் என்பதால், 2023 அக்டோபர் கணக்கில் மேலே சொன்ன தொகைகளுக்கு வந்தன.

இனி இதில் ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். வருமானத்துக்குத் தாள் இல்லை, தீர்ப்பாயம் உத்தேசமாக 15,000 என்று எடுத்துக்கொண்டால், 45,36,000 அப்படியே 28,35,000 ஆகிவிடும். பதினேழு லட்சம் போயிற்று. தாயின் பெயரை மனுவில் சேர்க்காமல் விட்டால் நம்பியிருந்தவர்கள் மூன்று பேர்தான்; கழிவு மூன்றில் ஒரு பங்கு ஆகும், ஐந்து லட்சத்துக்கு மேல் குறையும். மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் என்பதற்காகத் தாயை மனுவில் சேர்க்காமல் விடும் குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

வயதில் இன்னும் கூத்து. அதே ஆளுக்கு ஏதோ ஒரு அட்டையில் 41 என்று இருந்து, அதையே தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால் பெருக்கும் எண் 14 ஆகும், எதிர்கால உயர்வும் 25%-ஆகக் குறையும். 37,80,000. ஒரு பிறந்த தேதிக்கு ஏழரை லட்சம். பிரேதப் பரிசோதனைப் படிவத்தில் வயதை யாரோ சொல்ல யாரோ எழுதியிருப்பார்கள். இன்ஷூரன்ஸ் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆதார் பிறந்த தேதிக்கு ஆதாரமாகாது, பள்ளி மாற்றுச் சான்றிதழைத்தான் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் ஒரு விபத்து வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் பழைய டி.சி.யைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் படித்த பள்ளியில் நகல் கேளுங்கள்.

வருமானத்துக்கு மாதச் சம்பளக்காரர் என்றால் சிக்கல் குறைவு: சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து சாட்சி சொல்வது. இந்தக் கடைசியைத்தான் தவறவிடுவார்கள். லெட்டர்ஹெட்டில் வாங்கிய சம்பளச் சான்றை, கொடுத்தவர் கூண்டில் ஏறி உறுதிப்படுத்தாவிட்டால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். சுயதொழில் என்றால் இறப்பதற்கு முந்தைய மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், யு.பி.ஐ. வரவுகள் தெரியும் வங்கி விவரம், கடன் தவணை கட்டிய பதிவு எல்லாம் உதவும். இறந்த பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த வரிக் கணக்கை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். குடும்ப ஓய்வூதியம், எல்.ஐ.சி. பணம் ஆகியவற்றை இழப்பீட்டில் கழிக்கச் சொல்லி வாதாடுவார்கள். கழிக்கக்கூடாது என்பது 1990-களின் கடைசியிலேயே தீர்ந்த விஷயம். இறந்தவர் இல்லத்தரசி என்றாலும் அவருடைய வேலைக்கு ஒரு வருமானம் கற்பித்துக் கணக்கிட வேண்டும். ‘வேலைக்குப் போகவில்லை, பெரிதாக ஒன்றும் வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கணக்கு எல்லாம் சரி. அதற்கு முன்னால் எதிர் வாகனத்தின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று காட்ட வேண்டும், அது எஃப்.ஐ.ஆரில் தொடங்குகிறது. பதற்றத்தில் அக்கம்பக்கத்தார் யாரோ புகார் எழுதிக் கொடுத்திருப்பார். அதில் வண்டி எண் இருக்காது, அல்லது ‘நிலைதடுமாறி விழுந்து’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை வைத்தே இன்ஷூரன்ஸ் தரப்பு வழக்கு நடத்தும். எஃப்.ஐ.ஆர். நகலை உடனே வாங்கி வரி வரியாகப் படியுங்கள். விஷயம் தவறாக இருந்தால் நேரில் பார்த்தவரின் வாக்குமூலத்தையும், கடை வாசல் சி.சி.டி.வி. பதிவையும் விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சி.சி.டி.வி. பதிவுகள் சில நாட்களிலேயே அழிந்து மேலெழுதப்படும், ஆகவே இது காரியம் முடிந்தபின் பார்க்கிற வேலை இல்லை. பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவு), சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலையானாலும் இழப்பீட்டு மனு அதோடு செத்துப்போவதில்லை. இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை, எது நடந்திருக்கக் கூடும் என்பதே அளவு.

உடனே உயிர் போகாமல், சிகிச்சையில் இருந்து சில வாரம் கழித்து இறக்கும் வழக்குகளில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே உயிர் பிரிந்து, பிரேதப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிட்டால், விபத்துக் காயத்தால்தான் இறந்தார் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அந்த நேரத்தில் யாருக்கும் மனசு வராது, உண்மைதான். ஆனாலும் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, காய வழக்கை மரண வழக்காகப் பிரிவு மாற்றம் செய்ய வைத்து, பிரேதப் பரிசோதனை நடந்தால்தான் தொடர்பு அறுபடாமல் நிற்கும். அந்த மரண வழக்குக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106(1) பிரிவு.

மனுப் போட கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்த கெடு இது. இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது என்பதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். வட்டியும் பொதுவாக மனுப் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். தமிழ்நாட்டில் வழக்கு எண் எம்.சி.ஓ.பி. என்று தொடங்கும், சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம்தான் தீர்ப்பாயம். போலீஸும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. அந்த விரிவான அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஆனால் அது வரும் வரும் என்று காத்திருந்து ஆறு மாதத்தைத் தொலைக்காமல் தனி மனு போட்டுவிடுவதே என் அபிப்பிராயம்.

யார் தவறு என்று பார்க்காமல் 5 லட்சம் தரும் 164-ஆவது பிரிவும் இருக்கிறது. சீக்கிரம் கிடைக்கும் என்று அதை ஏற்றுக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிப்போயிருந்தால் 2 லட்சம். அதற்கு மனு தீர்ப்பாயத்தில் இல்லை, விசாரணை செய்வது தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் நிலையில் உள்ள வருவாய் அதிகாரி. இறந்தவரே தன் சொந்த வண்டியை ஓட்டி, தவறும் அவருடையது என்றால் 166-இல் ஒன்றும் கிடைக்காது. அப்போது அவருடைய பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் செல்லுபடியாகி இருக்க வேண்டும். பிரீமியம் கட்டிய வரி பாலிசித் தாளிலேயே இருக்கும். கேட்க ஆளில்லாமல் போகிற பணம் அது.

எதிர் வண்டி டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் இன்ஷூரன்ஸ் தராது என்று யாராவது சொன்னால் மனம் விட வேண்டாம். பல வழக்குகளில் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றே உத்தரவாகிறது.

வக்கீல் பீஸ் பற்றி ஒரு வார்த்தை. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படி கூடாது, ஆனால் பேசத்தான் செய்கிறார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். வெற்றுத் தாளில், எழுதாத செக்கில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் மேல்முறையீடு கிடையாது. கணக்கில் 47 லட்சம் வருகிற வழக்கை 25-க்கு முடிக்கச் சொன்னால் எழுந்து வரலாம். 40 என்றால் உட்கார்ந்து பேசலாம். தீர்ப்பு வந்தபின் தொகை போதாது என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனாலும், டெபாசிட் செய்த தொகையில் ஒரு பகுதியை எடுக்க அனுமதி கேட்டு மனுப் போட இடமுண்டு. பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கு 18 வயது வரை வங்கியில் வைப்புத் தொகையாகக் கிடக்கும். வட்டியை மட்டும் படிப்புச் செலவுக்கு எடுக்க உத்தரவு கேட்கலாம். அதைத் தீர்ப்பிலேயே எழுதி வாங்கிவிட்டால் பிறகு அதற்கென்று தனியாக அலைய வேண்டியிருக்காது.