இரண்டு டிகிரியில் நழுவும் ஃபோகஸ்

ஒருவழியாக ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து படத்தில் ஊசிமுனையாக விழுந்துவிட்டது! நடுவில் நெருக்கியடிக்கிற நட்சத்திரங்கள்கூடப் புள்ளி புள்ளியாகப் பிரிகின்றன. தென்னாப்பிரிக்காவின் டிரேக்கன்ஸ்பர்க் மலையடிவாரம், அண்டர்பெர்க் பக்கம், ஜூலைக் குளிரில் எடுத்தது. குழாய் அதே பழைய 200 மி.மீ. எஃப்/4 (குவியதூரம் ஆடி அகலத்தைப்போல் நான்கு மடங்கு) நியூட்டோனியன் ஆடித் தொலைநோக்கிதான்.

உயிரை எடுத்தது, கேமராவை உள்ளும் வெளியும் நகர்த்தும் ஃபோகஸரின் பூட்டுத் திருகு. குழாய் வாயில் மாட்டி, நட்சத்திரத்தின் ஒளிக்கோடுகளைப் பார்த்து ஃபோகஸ் பிடிக்கும் பாஹ்டினோவ் மாஸ்க்கில் நடுக்கோடு கச்சிதமாக நிற்கும்; திருகை இறுக்கியதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். ஃபோகஸ் கூர்மையாக நிற்க எஃப்/4-இல் நமக்குள்ள இடமே மொத்தம் 43 மைக்ரான்தான், திருகு தள்ளுவதோ அதைவிட அதிகம். இப்போதெல்லாம் முதலிலேயே பாதி இறுக்கிவிடுகிறேன். குமிழ் கனமாகத் திரும்பும், பரவாயில்லை. எப்போதும் உள்பக்கமாகத் தள்ளியே முடிப்பது; தாண்டிப் போனால் நன்றாக வெளியே இழுத்துவிட்டு மறுபடி உள்ளே. பற்சக்கரத்தின் ஆட்டம் ஒரே பக்கம் ஒதுங்கிக் கிடப்பதால், கடைசியாக இறுக்கும்போதும் கோடு அசைவதில்லை.

மாஸ்க் போட்டுப் பார்க்க ஆல்பா சென்டாரியைப் பிடிக்காதீர்கள். பளிச்சென்று இருக்கிறதே என்று எல்லாரும் அங்கேதான் போகிறோம். அது இரட்டை நட்சத்திரம், 800 மி.மீ. குவியதூரத்தில் கோடுகளும் இரண்டிரண்டாக விழுந்து கண்ணைக் குழப்பும். தென் சிலுவையில் ஆக்ரக்ஸும் இதே கதை. பக்கத்திலேயே பீட்டா சென்டாரி இருக்கிறது, அது போதும்.

அடுத்த தலைவலி குளிர். இரும்பு ஒரு மீட்டர் நீளத்துக்கு, டிகிரிக்கு 12 மைக்ரான் சுருங்கும். என் குழாய்க்கு இரண்டு டிகிரி இறங்கினாலே அந்த 43-இல் கிட்டத்தட்டப் பாதி காலி. டர்பன் கடற்காற்றில் இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரியாது, மலையடியில் மணிக்கு மணி இறங்குகிறது. தெர்மாமீட்டரைக் குழாயிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்: இரண்டு டிகிரி குறைந்தால் படப்பிடிப்பை நிறுத்தி மறுபடி மாஸ்க்.

மாஸ்க் நம் டர்பன் சாட்ஸ்வொர்த் அண்ணன் 3டி பிரிண்டரில் அடித்துத் தந்தது. “தம்பி, ஃபோகஸருக்கு மோட்டார் வாங்கி மாட்டு, திருகோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய்?” என்கிறார். வாங்கலாம்தான்! இங்கே கேட்ட கடையில் சரக்கு இல்லை. வெளியிலிருந்து வரவழைத்தால் அனுப்புகூலி, சுங்கம், அதன்மேல் 15 சதவீத வாட் வரி. அந்தக் காசுக்கு நட்சத்திரத்தைப் பின்தொடர உதவும் ஒரு கைடு கேமராவே வந்துவிடும்.

அடுத்த அமாவாசைக்கு சதர்லாந்து போகும் எண்ணம், சால்ட் என்கிற பெரிய தொலைநோக்கி இருக்கிற கரூ மேட்டுநிலம். குளிர்காலத்தில் அங்கே இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும், குழாய் என்ன பாடு படுமோ. அதற்கு முன் கேமரா சென்சாரின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். வலது மேல்மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் இன்னும் நீண்டுதான் கிடக்கின்றன.