பூங்காவுக்கு ஒரு கதவு: ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக நகராட்சியிடம் கேட்டுப் பெற்ற அனுபவம்

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோர், தங்கள் ஊர் நகராட்சியிடம் ஒரு சிறிய வசதியைக் கேட்டுப் பெற எந்தெந்த மேசைகளைக் கடக்க வேண்டும் என்பதை யாரேனும் முன்பே எழுதி வைத்திருந்தால் எங்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அடுத்து இந்த வழியில் வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு நடுத்தர நகராட்சி. கோயில் குளங்கள் பல உண்டு. ஊரின் நடுவே ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. குழந்தைகள் விளையாட நகராட்சிப் பூங்கா ஒன்றே ஒன்று. அந்தப் பூங்காவின் பின்சுவர் ஓரிடத்தில் இடிந்திருந்தது, முன்வாசலுக்குக் கதவு கிடையாது, வாசலைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் வாய்க்கால். என் மகனுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். பேச்சு இன்னும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான். இது என் மகனுக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் பெரியவர்களின் கண்பார்வையிலிருந்து சட்டென்று விலகி ஓடிவிடுவதும், அவர்களில் பலருக்கு நீர்நிலைகள் மீது அடங்காத ஈர்ப்பு இருப்பதும், அப்படி ஓடிய பிள்ளைகளின் இறப்புகளில் நீரில் மூழ்குவது முதன்மையான காரணமாக இருப்பதும் மருத்துவ ஆய்வுகளில் பதிவான உண்மைகள். ஊரெங்கும் தண்ணீர் உள்ள எங்கள் பகுதியில் கதவில்லாத பூங்கா என்பது, எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பூங்காவே இல்லை என்பதற்குச் சமம்.

இந்தக் கோரிக்கையை முதன்முதலில் சபையில் சொல்ல வாய்ப்பளித்தது பகுதி சபைக் கூட்டம். ஊராட்சிகளில் கிராம சபை இருப்பதுபோல நகரங்களிலும் மக்கள் கூடிப் பேசுவதற்கான இந்தச் சபைகள் 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சிகள் தினத்தில், தமிழ்நாடெங்கும் முதன்முறையாகக் கூடின. எங்கள் வார்டில் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் நடந்தது. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று வரிசையாகப் பேசினார்கள். என் முறை வந்தபோது பூங்காவுக்குக் கதவு வேண்டும் என்றேன், காரணத்தையும் சொன்னேன். சிலர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். எங்கள் வார்டு உறுப்பினர், பெண்களுக்கான ஐம்பது சதவீத ஒதுக்கீட்டில் முதன்முறையாகத் தேர்வானவர், இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், "அக்கா, தாழ்ப்பாள் எந்த உயரத்துல இருக்கணும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே, இவரை நம்பி இந்த வேலையில் இறங்கலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது.

கூட்டத்தில் சொன்னது பதிவேட்டில் ஏறியது. அதற்குமேல் எதுவும் நகரவில்லை. ஆகவே நகராட்சி ஆணையருக்கு எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்தோம். அலுவலகத்தில் எல்லா மேசைகளிலும் எங்களை எதிர்கொண்டது ஒரே கேள்வி: "உங்க மாதிரி எத்தனை பேர் இருக்கீங்க?" கேட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. பொதுநிதியிலிருந்து ஒரு செலவுக்குக் குறிப்பு எழுதுபவருக்குப் பயனாளிகளின் எண்ணிக்கை தேவை. ஆனால் அந்த எண்ணிக்கை எவரிடமும் இருக்கவில்லை. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் வகுத்த ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்துக்கொண்டது என்றாலும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவத்தில் ஆட்டிசத்துக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை இருபத்தொன்றாக விரித்தபோதுதான் அது முழுமையாக இடம்பெற்றது. ஆக, எங்கள் பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள், கணக்கில் இல்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைகளை வைத்து எண்ணலாம் என்று ஓர் அலுவலர் யோசனை சொன்னார். அதுவும் சரியான எண்ணிக்கையைத் தராது என்பதை, அட்டை வாங்கிய அனுபவத்தில் அறிந்திருந்தேன். ஆட்டிசத்தை அளவிட அரசு ஏற்றிருக்கும் இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்; மொத்தம் 70க்குக் கீழ் இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். அதை முறையாகச் செய்யப் பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும், பொறுமையும் நேரமும் வேண்டும். சிறு ஊர்களில் அந்த உளவியலாளர் வரும் நாளுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். அதைவிடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் என்று சொல்லி, தம்பியின் பெயரில் அட்டை வாங்கவே மறுத்த ஒரு தாயின் வீட்டுத் திண்ணையில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தது இந்த ஊர்தான்.

எனவே நாங்களே கணக்கெடுத்தோம். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கும் (வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் இடம்) தனியார் பயிற்சி மையங்களுக்கும் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரிடம், வார்டு எண்ணும் பிள்ளையின் வயதும் மட்டும் கேட்டோம். பெயரும் தெருவும் கேட்கவில்லை. அதனால்தான் அந்தத் தாயும் தன் மகனைச் சேர்க்கச் சம்மதித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கணக்கில் வந்தார்கள். வார்டு வாரியாக அட்டவணையிட்டு மனுவோடு இணைத்தபோது, அதுவரை பேசாத கவுன்சிலர்கள் தங்கள் வார்டு எண்ணைத் தேடிப் பார்த்தார்கள். விழிப்புணர்வு என்பது அந்த அறையில் அப்போதுதான் நிகழ்ந்தது என்பேன்.

மனுவின் வாசகத்தையும் மாற்றி எழுதினோம். முதல் மனுவில் எங்கள் கஷ்டங்களை விரிவாகச் சொல்லியிருந்தோம். இரண்டாவதில் சட்டத்தைச் சொன்னோம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க வழிசெய்யும் கடமையை அரசோடு சேர்த்து உள்ளாட்சி அமைப்புகளுக்கும் விதிக்கிறது. பூங்கா அந்தக் கடமைக்குள் வரும் என்று குறிப்பிட்டு, வேண்டியவற்றை அளவோடு எழுதினோம்: தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு, பெரியவர்களின் தோள் உயரத்தில் தாழ்ப்பாள், பின்சுவர் சீரமைப்பு, படுத்தபடியும் ஆடக்கூடிய வட்ட ஊஞ்சல் ஒன்று, அதன்கீழ் மணல், உரத்த சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக மாலையில் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியில் பாட்டு நிறுத்தம். சென்னை சாந்தோமில் மாற்றுத்திறன் குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து விளையாடும்படி மாநகராட்சி அமைத்த பூங்காவின் படங்களையும் இணைத்தோம். அந்தப் படங்கள் இல்லாமல் பொறியாளர் பிரிவுக்கு நாங்கள் கேட்பது விளங்கியிருக்காது.

2023 ஏப்ரல் 2 நெருங்கியபோது நகராட்சித் தரப்பிலிருந்தே அழைத்தார்கள். ஐ.நா. பொதுச்சபை 2007இல் தீர்மானித்து 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் அது. அந்த நாளின் அடையாளமாக மணிக்கூண்டுக்கு நீல விளக்குப் போடலாமா என்று அவர்கள் கேட்டபோது ஒரே நாளில் எல்லோரும் சம்மதித்தார்கள். நான் அதை மறுக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் நின்று எங்கள் பெற்றோர் சிலர் முதன்முறையாகப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விளக்கு மறுநாள் இறங்கிவிடும் என்பதால், அன்றைய நிகழ்ச்சியோடு நகராட்சிப் பணியாளர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சியும் வேண்டும் என்று கேட்டோம். இடையீட்டு மையத்தின் சிகிச்சையாளர் ஒருவர் வந்து பேசினார். பூங்காக் காவலர், பேருந்து நிலைய ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள் வந்திருந்தார்கள். விடியற்காலையில் தெருவில் தனியாக ஓடும் பிள்ளையைக் கண்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா எழுந்தார். "எங்க தெருவுல ஒரு புள்ள இருக்குங்க. கூப்பிட்டா திரும்பாது, கையப் புடிச்சா கத்தும். நான் முன்னாடி போயி வண்டியைக் குறுக்க நிறுத்திருவேன். அது சக்கரத்தைச் சுத்திப் பார்த்துக்கிட்டு நிக்கும். அதுக்குள்ள அவங்க அம்மா வந்துருவாங்க" என்றார். சிகிச்சையாளர் தன் பேச்சை நிறுத்திவிட்டு, அதையே எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள் என்றார்.

கோப்பு மட்டும் அசையவில்லை. சில மாதம் கழித்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு கொடுத்தோம். அது "தக்க நடவடிக்கைக்காக" நகராட்சிக்கே திரும்பி வந்தது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் மனு எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து, யாருடைய குறிப்புக்காக நிற்கிறது என்று மட்டும் கேட்டோம். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு. பதில் வருவதற்கு முன்பே பொறியாளர் பிரிவிலிருந்து ஆள் வந்து பூங்காவை அளந்தார்கள். யாரையும் குற்றம் சாட்டாமல், கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் கேட்பது நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

அரசியலைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. எங்கள் வார்டு உறுப்பினர் எதிர்க்கட்சி. மன்றக் கூட்டத்தில் விவாதத்துக்கான பொருளாக இது அவர் பெயரில் வந்தால் பெருமை அவருக்குப் போகும் என்று மறுதரப்பில் தயக்கம் இருந்தது; ஒரு கூட்டத்தில் வேறொரு விவகாரத்துக்காக வெளிநடப்பு நடந்து, எங்கள் பொருள் விவாதிக்கப்படாமலே தள்ளிப்போனது. பெற்றோர் நாங்கள் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்தோம்: எந்தக் கட்சித் தலைவரோடும் தனியாகப் படம் எடுப்பதில்லை, எல்லாக் கட்சி உறுப்பினர்களின் வீட்டுக்கும் ஒரே அட்டவணையோடு போவது. வார்டு உறுப்பினரும் பெருந்தன்மையோடு, நகராட்சித் தலைவர் பெயரிலேயே பொருள் வரட்டும், தான் வழிமொழிகிறேன் என்றார். இடையில் வேறொரு யோசனையும் எழுந்தது: ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தில் "சிறப்புக் குழந்தைகள் பூங்கா" என்று தனியாகக் கட்டிவிடலாம், திறப்புவிழாவும் கல்வெட்டும் வைக்கலாம் என்றார்கள். இதை நாங்கள் ஒரே குரலில் மறுத்தோம். எங்கள் பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கக் கற்கிறார்கள். மற்ற பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் காதைப் பொத்திக்கொள்ளும் ஒருவனைக் கேலி செய்யாமல் இருக்கக் கற்கிறார்கள். ஊருக்கு வெளியே இது இரண்டும் நடக்காது.

2023 இறுதியில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தீர்மான எண் கையில் வந்த பிறகே நிதியைப் பற்றிப் பேச்சு. ஏழரை லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு. பொதுநிதியில் அவ்வளவு இல்லை என்றார்கள். நமக்கு நாமே திட்டத்தில், மக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு தரும் என்பதை ஆணையரே சொன்னார். ஊர் வணிகர்கள் பெரும்பகுதியைத் தந்தார்கள், பெற்றோர் இயன்றதைப் போட்டோம், இரண்டரை லட்சத்துக்கு வரைவோலை கொடுத்தோம். ஒப்பந்தப்புள்ளி கோரும் கட்டத்தில், 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலாயின. ஜூன் வரை எல்லாம் நின்றது. அந்த ஆண்டு ஏப்ரல் 2 நிகழ்ச்சியும் நகராட்சி சார்பில் நடக்கவில்லை. இப்படி ஒரு வேலையைத் தொடங்குபவர்கள் தேர்தல் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2025 தொடக்கத்தில் கதவு பொருத்தினார்கள். முதலில் தாழ்ப்பாளை இடுப்பு உயரத்தில் வைத்துவிட்டார்கள். வார்டு உறுப்பினர் நேரில் வந்து, தன் தோளைத் தொட்டுக் காட்டி, மாற்றிப் பொருத்தும்வரை அங்கேயே நின்றார். மாலை ஒலிபெருக்கி நிறுத்தத்தைக் காவலர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார். வட்ட ஊஞ்சலில் எல்லாப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். என் மகன் அதில் குப்புறப் படுத்துக்கொண்டு மணலைப் பார்த்தபடியே ஆடுகிறான்.

அதே ஆண்டு ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. ஜூலையில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. எங்கள் கணக்கெடுப்பில் தெருத்தெருவாக வந்து உதவிய, கால் பாதிப்புள்ள இளைஞர் ஒருவரை விண்ணப்பிக்கச் சொன்னோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தாமே மன்றத்தில் பேசும் காலம் வரும்வரை, அவர்களை அறிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

இப்போது கோயில் குளத்தின் இரண்டு படித்துறைகளுக்குக் கம்பித் தடுப்பும் கதவும் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். புதுப்பித்த வார்டு அட்டவணையை இணைத்திருக்கிறோம். குளம் கோயிலுக்கு உரியது என்பதால் அறநிலையத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற இந்த மன்றத்தின் பதவிக்காலம் ஐந்தாண்டு. அது முடிவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட வேண்டும் என்று, எல்லாக் கட்சி உறுப்பினர்களின் வீடுகளுக்கும் மீண்டும் போய் வருகிறோம்.