கிரானாக் கேள்வியில் நான் மார்க்கைக் கோட்டைவிட்ட கதை

ஸ்காட்லாந்தில் தொல்லியல் முதுகலை படித்தபோது, முதல் பருவத் தேர்வில் கிரானாக்குகளின் காலத்தைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. கிரானாக் என்றால் ஏரிக்குள் (அங்கே ஏரியை லாக் என்பார்கள்) கல்லும் மரமும் போட்டு மனிதர்களே உண்டாக்கிய தீவுக் குடியிருப்பு. ஒரு பழைய பாடநூலை நம்பி, பெரும்பாலும் இரும்புக்காலம், கி.மு. 800-க்குப் பிறகு என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு ஜாலியாக வெளியே வந்தேன். ஃபெயில்.

ஸ்காட்லாந்தின் வட யூயிஸ்ட் தீவில் இருக்கிற ஐலன் டோம்னல் என்ற கிரானாக், இரும்புக்காலத்துக்கு வெகு முந்திய புதிய கற்காலத்தது என்பது 1980-களின் அகழாய்விலேயே தெரிந்த சங்கதி. ஆனால் அதை ஒரு விதிவிலக்காகவே ரொம்ப நாள் வைத்திருந்தார்கள், நானும் அப்படித்தான் தாண்டிப் போனேன். 2012-இல் லூயிஸ் தீவில் முன்னாள் கடற்படை முக்குளிப்பாளர் ஒருவர் ஏரிக்கடியில் பெரிசு பெரிசாகப் புதிய கற்காலப் பானைகளைப் பார்த்தார். அதைத் தொடர்ந்து தொல்லியலாளர்கள் டங்கன் காரோவும் ஃப்ரேசர் ஸ்டர்ட்டும் செய்த ஆய்வு 2019-இல் ஆண்டிக்விட்டி என்ற தொல்லியல் இதழில் வந்தது. அந்தக் கிரானாக்குகளின் காலம் ஏறக்குறைய கி.மு. 3640-3360. என் விடையில் இதில் ஒரு வரி கூட இல்லை.

மறுதேர்வுக்குப் படித்த விதத்தை மாற்றினேன். ஆண்டுகளை உருப்போடாமல், ஒவ்வொரு ஆண்டும் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தேன். எந்தப் பொருளிலிருந்து எடுத்த தேதி? அது தீவைக் கட்டிய காலமா, இல்லை பல நூற்றாண்டு கழித்து அதே தீவில் வந்து குடியேறியவர்களின் காலமா? லாக் டே ஏரியில் இருக்கிற ஓக்பேங்க் கிரானாக் இதற்கு அருமையான உதாரணம். வெண்ணெய் ஒட்டியபடியே ஒரு மரக்கிண்ணம் கிடைத்த இடம் அது, அந்த அளவுக்குத் தண்ணீர் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் கட்டிய ஆண்டைச் சொல்வது லேசில்லை, ஏனென்றால் கி.மு. 800-400 வாக்கில் ரேடியோகார்பன் அளவீட்டு வளைகோடு (பொருளில் மிஞ்சிய கதிரியக்கக் கார்பனின் அளவை ஆண்டாக மாற்றித் தரும் வரைகோடு) கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது, 750-ஐயும் 450-ஐயும் அதை வைத்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். அங்கேதான் மரத்தின் ஆண்டு வளையங்கள் கைகொடுக்கும். இந்த ஒன்றைப் படம் போட்டு விளக்கினாலே விடைக்கு எடை கூடிவிடும்.

அப்புறம், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு முழுச் சாயங்காலம் செலவழித்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், எனக்கு அதற்காக ஒரு மார்க்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை.