சனிக்கிழமை போட்டுக்கறனுங்க

திருப்பூர் பக்கம் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் பதினொரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். ஏழாம் மாதம் வரை ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு.

டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசிக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. கூட வருகிற மாமியாரும் அவர் காலத்தில் டி.டி. போட்டுக்கொண்டவர்தான். ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி என்றால்தான், “மாசமா இருக்கற புள்ளைக்குக் கண்ட ஊசியும் எதுக்குங்க?” என்பார். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி இல்லாததால் கைக்காசுதான் போட வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். சம்பளம் சனிக்கிழமை. அதனால், “சனிக்கிழமை போட்டுக்கறனுங்க சிஸ்டர்” என்று போய்விடுவார்கள்.

அப்படிப் போன ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. ஐப்பசி மழை நேரம், ஏழு மாதம். காய்ச்சல் வந்து மூன்று நாள் கஷாயமும் மாத்திரையுமாக வீட்டிலேயே இருந்திருக்கிறாள். நாலாம் நாள் வந்தபோது ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 சதவீதம்தான். கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். வயிறு பெரிதாகும்போது நுரையீரலுக்கு இடம் குறையும், இதயத்துக்கு வேலை கூடும். மற்றவர்களுக்குப் படுத்து எழுந்தால் போகிற காய்ச்சல் கர்ப்பிணிக்கு நிமோனியாவாக மாறுவது அதனால்தான். ஃப்ளூவுக்குக் கொடுக்கிற ஓசெல்டாமிவிர் மாத்திரையைக் காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். எங்களிடம் வரும்போதே அந்த நேரம் தாண்டிவிட்டது. குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன, வாரக்கணக்கில் தவித்த பிறகு. அவள் அட்டையைப் புரட்டினேன். ஃப்ளூ ஊசி பற்றி ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன். அடுத்த முறை வந்தபோது கேட்கவேயில்லை.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2012லேயே இந்த ஊசிக்குக் கர்ப்பிணிகளை முதல் வரிசையில் வைத்துவிட்டது. வங்கதேசத்தில் 340 தாய்மார்களிடம் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்களின் குழந்தைகளுக்குப் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைந்திருந்தது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அம்மாவின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பு சக்திதான் தொப்புள்கொடி வழியாக அதற்குப் போகிறது. நம்மைப் போலவே கூலிக்கு வேலை பார்க்கும் பெண்கள் நிறைந்த நாட்டில் கிடைத்த முடிவு என்பதால் எனக்கு அது கூடுதலாக ஒட்டிக்கொண்டது.

இப்போது, “பொறக்கப்போற கொழந்தைக்கும் சேர்த்துத்தானுங்க இந்த ஊசி” என்றுதான் பேச்சையே தொடங்குகிறேன். மாமியார் முகம் மாறிவிடுகிறது. “அப்படீன்னாப் போடுங்க” என்கிறார். சந்தோஷம்தான். ஆனால் மனசுக்குள் ஒன்று குத்துகிறது. அந்தப் பெண் மூச்சுவிட முடியாமல் தவிக்கக் கூடாது என்பது மட்டும் ஏன் போதுமான காரணமாக இல்லை? அவளுக்கே அது போதவில்லையே! “எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க, பாப்பாவுக்குன்னாப் போட்டுக்கறன்” என்று கையை நீட்டுகிறாள்.

“உனக்குந்தான் கண்ணு” என்று சொல்லிக்கொண்டே போடுகிறேன். காய்ச்சல் வந்தால் சனிக்கிழமை வரை பார்க்காமல் அன்றைக்கே வரச் சொல்லி, அட்டையின் பின்பக்கம் என் நம்பரைப் பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன்.